மாரடைப்பில் ரத்த ஓட்டத்தை மீட்பது: ஊசி மருந்தும் பலூன் சிகிச்சையும்

கேள்வியின் சாரம் இதுதான். நெஞ்சுவலியோடு அருகிலிருந்த மருத்துவமனைக்குச் சென்ற ஒருவருக்கு இசிஜி எடுத்து, மாரடைப்பு என்று உறுதிசெய்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, அதன்பின் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட தமனியைப் பலூனால் விரித்துத் திறக்கும் சிகிச்சை) வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மறுநாள் ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) எடுத்து, ஸ்டென்ட் (தமனியைத் திறந்தே வைத்திருக்கும் வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள். எப்படியும் ஸ்டென்ட் வைக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் போட்ட ஊசி வீண்தானே, நேராகப் பெரிய மருத்துவமனைக்கே அனுப்பியிருந்தால் இதயம் இன்னும் நன்றாகத் தப்பியிருக்குமே என்பது குடும்பத்தாரின் ஆதங்கம்.

அந்த ஊசி வீணாகவில்லை. பெரும்பாலும் அதுதான் அவருடைய இதயத் தசையைக் காப்பாற்றியிருக்கும். மறுநாள் வைத்த ஸ்டென்ட், ஊசி திறந்துவிட்ட பாதை மறுபடியும் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. பலூன் சிகிச்சை உயர்ந்தது, ஊசி தாழ்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமானால் பலூன் சிகிச்சையே மேலானது, அதில் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் அவை ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. ஊசியை எந்தச் சிறிய மருத்துவமனையிலும் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். பலூன் சிகிச்சைக்குத் தனிக் கூடமும் பயிற்சி பெற்ற குழுவும் வேண்டும். அந்த இடைவெளியில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், முதல் மருத்துவமனை எடுத்த முடிவின் காரணமும் விளங்கும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி தமனிகளின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் சேர்ந்து படிவுகள் உருவாகின்றன. இந்தப் படிவு மெல்ல வளர்ந்து ஒருநாள் குழாயை முழுதாக அடைத்துவிடுவதே மாரடைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. படிவை மூடியிருக்கும் மெல்லிய நார்ப்படலம் திடீரெனக் கிழிகிறது, அல்லது அதன் மேற்பரப்பு அரிக்கப்படுகிறது. உள்ளேயிருக்கும் பொருள் ரத்தத்தைத் தொட்டதும், அங்கே காயம் பட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளும் உடல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குவித்து, ஃபைப்ரின் இழைகளால் பின்னி, குறுகிய நேரத்தில் ஒரு ரத்தக்கட்டியை உண்டாக்கிவிடுகிறது. கிழிந்த படிவு அதற்கு முன் குழாயைப் பாதிகூட அடைக்காத ஒன்றாக இருந்திருக்கலாம். சென்ற மாதம் டிரெட்மில் சோதனையில் குறை ஒன்றும் தெரியாதவருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சோதனை செய்தவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம்.

கொரோனரி தமனிகள் இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடி, அங்கிருந்து கிளைவிட்டுத் தசைக்குள் இறங்குகின்றன. ஆகவே இதயச் சுவரின் உட்பகுதிதான் இந்தப் பாசனத்தின் கடைமடை. வரத்து நின்றதும் முதலில் வாடுவதும் அதுவே. ரத்தம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பிறகு உயிரணுக்கள் மீள முடியாதபடி இறக்கத் தொடங்குகின்றன. அந்த இறப்பு உட்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி நகர்கிறது என்பதை 1977ஆம் ஆண்டில் ரைமர், ஜென்னிங்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் நாய்களின் இதயத்தில் காட்டினார்கள். தமனியை 40 நிமிடங்கள் கட்டிவைத்துப் பின் திறந்துவிட்டபோது சேதம் பெரும்பாலும் உட்பகுதியோடு நின்றது. 3 மணி நேரம் கழித்துத் திறந்தபோது வெளிப்பகுதியில் மட்டுமே தசை எஞ்சியது. 6 மணி நேரம் கழித்துத் திறந்தபோது மீட்பதற்கு மிகக் கொஞ்சமே இருந்தது. மனித இதயத்தில் இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பக்கத்துத் தமனிகளிலிருந்து துணைக் கிளைகள் வளர்ந்து ஓரளவு ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்; சிலருக்குக் கட்டி தானாகவே சிறிது கரைந்து, மறுபடியும் உறைந்து, வலியும் விட்டு விட்டு வரும். அவர்களுக்கு அவகாசம் கூடுதல். ஆயினும் சேதம் நகரும் திசையும், முதல் இரண்டு மணி நேரத்தில் அது கொள்ளும் வேகமும் எல்லோருக்கும் பொதுவானவை.

இந்த வேகத்தை எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். கட்டியைக் கரைக்கும் மருந்துகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 1996ஆம் ஆண்டில் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தால் ஒவ்வொரு 1,000 நோயாளிகளிலும் கூடுதலாக 65 பேர் பிழைக்கிறார்கள். அதே மருந்து இரண்டாவது மணி நேரத்தில் கிடைத்தால் அந்த எண்ணிக்கை 37 ஆகக் குறைகிறது. அதற்குப் பிறகு 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மருந்து அதேதான், நோயும் அதேதான். இடையில் போன ஒரு மணி நேரம் மருந்தின் பயனைப் பாதிக்கு அருகில் கொண்டுவந்துவிடுகிறது. ஊசியா பலூனா என்று விவாதிக்கும்போது இந்த எண்களை மறந்துவிடக் கூடாது.

ரத்தக்கட்டிதான் குற்றவாளி என்பது இன்று சொல்லும்போது வெளிப்படையாகத் தோன்றுகிறது. ஆனால் 1970-களில்கூட, கட்டி மாரடைப்புக்குக் காரணமா அல்லது மாரடைப்புக்குப் பின் உண்டாகும் விளைவா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் செய்வது ஆபத்தானது என்று அஞ்சியதால் பெரும்பாலானோர் நேரில் பார்க்கத் துணியவில்லை. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டிவுட்டும் அவருடைய குழுவினரும் அந்தத் துணிச்சலான பரிசோதனையைச் செய்து வெளியிட்டார்கள்: வலி தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 விழுக்காட்டினருக்குத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது, நேரம் கழித்துப் பார்த்தவர்களில் அந்த விழுக்காடு குறைவாக இருந்தது. கட்டி முதலில் வருகிறது, பின்னர் சிலருக்குத் தானாகவே ஓரளவு கரைகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அதற்கு முன்பே, 1970-களின் பிற்பாதியில், சோவியத் நாட்டில் சாஸவும், ஜெர்மனியில் ரென்ட்ராப்பும் குழாய் வழியாகக் கொரோனரி தமனிக்குள்ளேயே ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் செலுத்திக் கட்டியைக் கரைத்துக் காட்டியிருந்தார்கள். அதுவரை மாரடைப்புக்கான சிகிச்சை என்பது வலிக்கு மார்ஃபின், படுக்கையில் நீண்ட ஓய்வு, இதயத்துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி என்ற அளவிலேயே இருந்தது.

அதன்பின் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். 1986ஆம் ஆண்டில் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு, 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில், கைநரம்பின் வழியாகச் செலுத்திய ஸ்ட்ரெப்டோகைனேஸ் இறப்பை 13 விழுக்காட்டிலிருந்து 10.7 ஆகக் குறைத்ததைக் காட்டியது. சாதாரண மருத்துவமனைகளில், சாதாரண மருத்துவர்களின் கையால் செய்யப்பட்டதே அந்த ஆய்வின் வலிமை. 1988ஆம் ஆண்டில் ஐசிஸ்-2 ஆய்வு 17,187 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரெப்டோகைனேஸையும் ஆஸ்பிரினையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தது. இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இதயம், ரத்தக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்தவர்கள் 13.2 விழுக்காடு, இரண்டும் கிடைத்தவர்களில் 8 விழுக்காடு. ஆஸ்பிரின் தனியாகக் கொடுத்த பயனும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் தனியாகக் கொடுத்த பயனும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு என்பது இன்றும் போதுமான அளவுக்கு மக்களைச் சென்றடையவில்லை.

ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் புரதம். ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற பொருளை அது பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளை அறுத்துக் கட்டியைக் கலைக்கிறது. 15 லட்சம் அலகு மருந்தை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள். அயல் புரதம் என்பதால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. எனவே ஒருமுறை பெற்றவருக்கு அதை மறுமுறை கொடுப்பதில்லை. இரத்த அழுத்தம் இறங்குவதும் ஒவ்வாமையும் உண்டு. பின்னர் வந்த ஆல்டெப்ளேஸ் மனித உடலில் உள்ள புரதத்தின் வடிவத்திலேயே செய்யப்பட்டது. 1993ஆம் ஆண்டில் 41,021 பேரில் நடந்த கஸ்டோ ஆய்வில் அது ஸ்ட்ரெப்டோகைனேஸைவிட இறப்பை ஒரு விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகக் குறைத்தது. இன்று பரவலாகப் பயன்படும் டெனெக்டெப்ளேஸ் அதன் திருத்திய வடிவம். நோயாளியின் எடைக்கு ஏற்ற அளவை ஒரே ஊசியாகச் சில நொடிகளில் போட்டுவிடலாம். ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தொடங்குவதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்த எளிமைதான்.

இந்த மருந்துகளுக்கு எல்லைகளும் உண்டு. மிகச் சிறந்த மருந்தைக் கொடுத்தாலும், ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ரத்த ஓட்டம் முழுமையாகத் திரும்பியிருப்பது ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்கோ மட்டுமே. கட்டி கரைந்தாலும் கிழிந்த படிவு அங்கேயே இருப்பதால் சிலருக்குத் தமனி மறுபடியும் அடைபடுகிறது. இவற்றைவிட அச்சுறுத்துவது, ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவானவர்களுக்கோ மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவு. வயது முதிர்ந்தவர்களிலும், உடல் எடை குறைந்தவர்களிலும், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களிலும் இந்த ஆபத்து கூடுகிறது.

பலூன் சிகிச்சையின் கதை 1929ஆம் ஆண்டில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தன் கைநரம்பின் வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதில் தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் கொரோனரி தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படமெடுத்தார். 1977 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், விழித்திருந்த நோயாளியின் சுருங்கிய கொரோனரி தமனியைப் பலூனால் விரித்தார். அது மாரடைப்புக்காகச் செய்யப்பட்டதன்று; நிலையான நெஞ்சுவலிக்காகச் செய்யப்பட்டது. அதை மாரடைப்பின் நடுவிலேயே, கரைக்கும் மருந்து எதையும் கொடுக்காமல் முதற்சிகிச்சையாகச் செய்யும் முறை 1980-களில் வளர்ந்து, 1990-களில் ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

இன்று அது நடக்கும் விதம் இது. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, அங்குள்ள தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். தொடையின் வழியாகச் செல்வதைவிட இதில் ரத்தப்போக்கு குறைவு. சாயம் செலுத்தி எந்தத் தமனி அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, மிக நுண்ணிய கம்பியை அடைப்பின் ஊடாகக் கடத்துகிறார்கள். பல நேரங்களில் அந்தக் கம்பி கடந்த நொடியிலேயே ஓட்டம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. பிறகு பலூனால் விரித்து, மருந்து பூசிய ஸ்டென்ட்டை வைக்கிறார்கள். நோயாளி விழித்திருப்பார், வலி அடங்குவதை அவரே சொல்வார். கட்டியை உறிஞ்சி எடுத்துவிட்டால் இன்னும் நல்லதாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் 2013, 2015ஆம் ஆண்டுகளில் வெளியான டேஸ்ட், டோட்டல் ஆகிய பெரிய ஆய்வுகளில், எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்சுவதால் இறப்பு குறையவில்லை. டோட்டல் ஆய்வில் பக்கவாதம் சற்றுக் கூடியது. எனவே கட்டி மிகப் பெரிதாக இருக்கும் சிலருக்கு மட்டுமே இன்று அதைச் செய்கிறார்கள்.

இந்த முறையில் பத்தில் ஒன்பது பேருக்குத் தமனி முழுமையாகத் திறக்கிறது. மூளை ரத்தக்கசிவு மிக அரிது. ஊசியையும் பலூனையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 23 ஆய்வுகளைத் திரட்டி 2003ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வில், குறுகிய கால இறப்பு ஊசி பெற்றவர்களில் 9 விழுக்காடாகவும் பலூன் சிகிச்சை பெற்றவர்களில் 7 விழுக்காடாகவும் இருந்தது; மறுபடியும் மாரடைப்பு வருவது 7-லிருந்து 3 ஆகவும், பக்கவாதம் 2-லிருந்து 1 ஆகவும் குறைந்தது. பலூன் மேலானது என்ற கூற்றுக்கு அடிப்படை இதுதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பலூன் சிகிச்சை தேர்ந்த குழுக்களால், பெரும்பாலும் அதிகத் தாமதமின்றிச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பின் கிடைக்கும் பலூன் சிகிச்சைக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

அதனால்தான் உலகெங்கும் வழிகாட்டு நெறிகள் ஒரு கால எல்லையை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய நெறியின்படி, நோயாளியைப் பார்த்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்துப் படிக்க வேண்டும். அதில் எஸ்டி பகுதி (இசிஜி கோட்டின் ஒரு பகுதி) உயர்ந்த மாரடைப்பு என்று தெரிந்த நொடியிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அடைப்பின் ஊடாகக் கம்பியைக் கடத்திவிட முடியுமானால் பலூன் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். முடியாது என்று தோன்றினால், தடை எதுவும் இல்லாத நிலையில், 10 நிமிடங்களுக்குள் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட வேண்டும். இந்த 120 நிமிடக் கணக்கு ஆம்புலன்ஸ் வருவது, பயணம், அடுத்த மருத்துவமனையின் வாசலில் நடக்கும் பதிவு, கேத் லேப் எனப்படும் பலூன் சிகிச்சைக் கூடத்தின் குழு வந்து சேர்வது ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கியது. சாலைப் பயணம் ஒரு மணி நேரம்தானே என்று எண்ணி அனுப்பிவைத்து, உண்மையில் மூன்று மணி நேரம் ஆகிவிடுவதுதான் நடைமுறையில் காணும் மிகப் பெரிய பிழை. முதலில் பார்க்கும் மருத்துவர் நேர்மையாகக் கணக்கிட வேண்டியது நம்பிக்கையோடு எதிர்பார்க்கும் நேரத்தை அல்ல, வழக்கமாக ஆகும் நேரத்தை.

கேட்டவரின் குடும்பத்துக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் ஆய்வு, 2013ஆம் ஆண்டில் வெளியான ஸ்ட்ரீம். வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்து, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பலூன் சிகிச்சை பெற வாய்ப்பில்லாத 1,892 நோயாளிகளை அது எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு டெனெக்டெப்ளேஸ் போட்டு, பலூன் வசதியுள்ள இடத்துக்கு மாற்றி, கட்டி கரையாவிட்டால் உடனடியாகவும், கரைந்தால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நிதானமாகவும் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மற்றப் பிரிவினரை நேராகப் பலூன் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். 30 நாட்களில் இறப்பு, இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு ஆகியவை சேர்ந்த கணக்கு முதல் பிரிவில் 12.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 14.3 விழுக்காடு, புள்ளியியல்படி இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். மூளை ரத்தக்கசிவு ஊசிப் பிரிவில் சற்றுக் கூடுதலாக இருந்தது. நடுவிலேயே 75 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தைப் பாதியாகக் குறைத்த பின் அது தணிந்தது. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவசர ஆஞ்சியோகிராம் தேவைப்பட்டது. ஊசியைப் போட்டுவிட்டு அதே இடத்தில் வைத்திருக்கக் கூடாது, உடனே மாற்றிவிட வேண்டும் என்பதற்கு இந்தக் கடைசி எண்ணே சான்று.

எனவே அந்தக் குடும்பம் கண்டது இரண்டு தனித்தனிச் சிகிச்சைகளை அல்ல, ஒரே திட்டத்தின் இரண்டு கட்டங்களை. ஊசி போட்ட பின் 60 முதல் 90 நிமிடங்களில் இசிஜியை மறுபடியும் எடுத்து, உயர்ந்திருந்த எஸ்டி பகுதி பாதிக்கு மேல் தாழ்ந்திருக்கிறதா, வலி விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தாழாவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்று பொருள். உடனே பலூன் சிகிச்சை வேண்டும். தாழ்ந்திருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வது வழக்கம். மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதே, ஊசி பலித்து, அவசரமில்லாத நிலையில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. மருந்து கரைத்துக்கொண்டிருக்கும் முதல் ஓரிரு மணி நேரத்தில் ரத்தம் உறையும் தன்மையும் குலைந்திருப்பதால், பலித்தவர்களுக்கு உடனடியாகக் கம்பி செலுத்துவதை வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தாமதமாக எண்ண வேண்டியதில்லை.

ஊசி போடக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், சமீப மாதங்களில் பக்கவாதம் வந்தவர்கள், மூளைக் கட்டி உள்ளவர்கள், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சையோ தலைக்காயமோ கண்டவர்கள், உடலில் எங்கேனும் ரத்தம் கசிந்துகொண்டிருப்பவர்கள், மகாதமனியின் சுவர் பிளந்திருக்கக்கூடும் என்ற ஐயம் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பயணம் நீண்டாலும் பலூன் சிகிச்சையே வழி. மாரடைப்போடு இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவர்களுக்கும் ஊசியின் பயன் குறைவு; அவர்களைத் தமனியைத் திறக்கும் வசதியுள்ள இடத்துக்கு எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகக் கொண்டுசெல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எஸ்டி பகுதி உயர்ந்த மாரடைப்பைப் பற்றியது. எஸ்டி உயராத மாரடைப்பில் தமனி பெரும்பாலும் முழுதாக அடைபட்டிருக்காது; கரைக்கும் ஊசி அங்கே பயன் தராது, தீங்கே செய்யலாம். ஆஸ்பிரின், ஹெபாரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, ஆபத்து மிகுந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும், வலி அடங்காதவர்களுக்கோ இதயம் தடுமாறுபவர்களுக்கோ உடனடியாகவும் ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். அண்டை வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார்கள், எங்களவருக்கு ஏன் போடவில்லை என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இதுதான். ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: இதயத்தின் பின்சுவரில் ஏற்படும் அடைப்பு வழக்கமான இசிஜியில் உயர்வாகத் தெரியாமல் தாழ்வாகத் தெரியலாம், முதுகுப்புறத்தில் மின்முனைகளை வைத்து எடுத்தால்தான் பிடிபடும். முதல் இசிஜி சரியாக இருக்கிறது என்பதாலேயே வலியோடிருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடியும் மறுபடியும் எடுக்க வேண்டும். அதேபோல் இசிஜியில் எஸ்டி உயர்வு தெளிவாக இருக்கும்போது இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருப்பது தசையை இழப்பதற்கே வழி.

தமனி திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பெரிய குழாயில் ஓட்டம் திரும்பிய பின்னும், நுண்குழாய்கள் வீங்கியும் கட்டித் துணுக்குகளால் அடைபட்டும் போயிருந்தால் தசைக்கு ரத்தம் போய்ச் சேராது. தாமதமாக வருபவர்களிடம் இது அதிகம். ரத்தம் திடீரெனத் திரும்புவதாலேயே உயிரணுக்களுக்கு ஏற்படும் சேதமும் ஒன்று உண்டு. விலங்குகளில் அதைத் தடுத்த மருந்துகளும் முறைகளும் மனிதர்களில் பலிக்கவில்லை. சைக்ளோஸ்போரின் மருந்து 2015ஆம் ஆண்டிலும், கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தும் முறை 2019ஆம் ஆண்டிலும் பெரிய ஆய்வுகளில் தோற்றன. இந்தத் துறையில் இன்னும் தீராமல் இருக்கும் பெரிய சிக்கல் இது என்பது என் கருத்து. மற்றத் தமனிகளில் உள்ள குறுகல்களைப் பொறுத்தவரை விடை தெளிவாகியிருக்கிறது: நிலையாக இருப்பவர்களுக்கு அவற்றையும் சில வாரங்களுக்குள் சரிசெய்தால் பிற்கால மாரடைப்பு குறைகிறது என்று 2019ஆம் ஆண்டின் கம்ப்ளீட் ஆய்வு காட்டியது. அதிர்ச்சி நிலையில் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் மாரடைப்புக்குக் காரணமான தமனியை மட்டும் திறப்பதே நல்லது என்று 2017ஆம் ஆண்டின் கல்ப்ரிட்-ஷாக் ஆய்வு காட்டியது.

தாமதமாக வந்தவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 12 மணி நேரத்துக்குப் பின் வந்தாலும் வலியோ இதயத் தடுமாற்றமோ தொடர்ந்தால் தமனியைத் திறப்பதே முறை. மாறாக, எந்தத் தொல்லையும் இல்லாமல், மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாட்கள் கழித்து, முழுதாக அடைபட்டுக் கிடக்கும் தமனியைத் திறப்பதால் பயனில்லை என்று 2006ஆம் ஆண்டின் ஓஏடி ஆய்வு காட்டியது. அடைப்பு இருப்பது தெரிந்தும் திறக்காமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்களே என்று வருந்துபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

மருத்துவமனைகள் தங்கள் நிமிடங்களைக் குறைத்துக்கொள்ளப் பெரிதும் உழைத்திருக்கின்றன. ஆனால் மிக நீண்ட தாமதம் பெரும்பாலும் வலி தொடங்கியதிலிருந்து உதவி கேட்பது வரை உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. வாயுத் தொல்லை என்று எண்ணிக் காத்திருப்பது, விடியட்டும் என்று பொறுப்பது, தானே வண்டி ஓட்டிச் செல்வது ஆகியவற்றில் மணிக்கணக்கில் போய்விடுகிறது. நடுநெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ எரிச்சலோ வந்து, தாடை, தோள், கை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவி, வியர்வையோடு சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வாந்தி, காரணமற்ற கடும் சோர்வு என்ற வடிவில் அது வரலாம். ஒவ்வாமையோ ரத்தக்கசிவு நோயோ இல்லாதவர், அவசர உதவி எண்ணில் பேசுபவர் சொன்னால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். முதல் மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தசைச் சேதத்தைவிட, இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவதே. மின்னதிர்ச்சிக் கருவி உள்ள ஆம்புலன்ஸில் இருப்பவர் அதிலிருந்து மீள முடியும், சொந்த வண்டியில் இருப்பவரால் முடியாது. மருத்துவமனை வாசலில் உறவினர்களைக் கலந்து பேசி ஒப்புதல் தரச் செலவாகும் அரை மணி நேரமும் இதே கணக்கில்தான் சேர்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே போதும்: இங்கே தமனியைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகும், அதற்குள் முடியாதென்றால் ஊசியை இப்போதே போட முடியுமா?

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஆஸ்பிரினோடு, கட்டி உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார், பிராசுக்ரெல், குளோபிடோக்ரெல் ஆகியவற்றுள் ஒன்றையும் சேர்த்துப் பொதுவாக ஓராண்டு சாப்பிட வேண்டும். ஊசி பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் குளோபிடோக்ரெல் கொடுப்பதே வழக்கம். பல் பிடுங்குவதற்கென்றோ வேறு சிறு சிகிச்சைக்கென்றோ, இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறைந்து இரண்டாவது மாரடைப்பு வரலாம். முதல் சில நாட்களில் எடுக்கும் எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) இதயத்தின் வலு குறைவாகக் காட்டினால் அந்த எண்ணை இறுதியானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரோடு இருக்கும் தசையும் ரத்தம் திரும்பிய பின் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை செயலற்றிருந்து, பிறகு மெல்ல வேலைக்குத் திரும்புகிறது. 6 முதல் 12 வாரங்கள் கழித்து எடுக்கும் எக்கோவே எவ்வளவு தசை தப்பியது என்பதைச் சொல்லும். உயிர்காக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை உடலுக்குள் பொருத்த வேண்டுமா என்ற முடிவையும் மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாட்கள் ஆகும் வரை பொதுவாக ஒத்திவைப்பது இதனாலும்தான்.